பழைய ஆம்ப்ளிஃபையர் வாங்கியாச்சா? பிளக்கைச் செருகுவதற்கு முன்பிருந்து முதல் இசைத்தட்டு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

பழைய ஸ்டீரியோ ஆம்ப் கைக்கு வந்ததும் பலர் செய்வது ஒன்றுதான். பிளக்கைச் செருகி, வீட்டில் இருக்கிற நல்ல ஸ்பீக்கரை மாட்டி, வால்யூமைத் திருப்புவார்கள். ஆம்ப் போனால் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். அது போகும்போது ஸ்பீக்கரையும் சேர்த்துக் கொண்டுபோனால்தான் வயிறு எரியும். கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொரு படியும் அடுத்த படியில் வரக்கூடிய சேதத்தைத் தடுக்கவே அந்த இடத்தில் இருக்கிறது.

இங்கே சொல்வதெல்லாம் டிரான்சிஸ்டர் ஆம்ப், ரிசீவர்களுக்கு (ரிசீவர் என்பது ரேடியோவும் சேர்ந்த ஆம்ப்). வால்வு ஆம்ப் வேறு கதை. அதற்குள் 300 வோல்ட்டுக்கு மேல் சாதாரணமாக இருக்கும். ஸ்பீக்கர் மாட்டாமல் ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரே போய்விடலாம். அதற்கு இந்த வரிசையைப் பயன்படுத்த வேண்டாம்.

## 1. முதலில் கையில் இருக்க வேண்டியவை

டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று. விலை உயர்ந்தது தேவையில்லை. 200 மில்லிவோல்ட் டிசி (நேர்மின்சாரம்) ரேஞ்சும் ஓம்ஸ் (மின்தடை) ரேஞ்சும் இருந்தால் போதும்.

60 அல்லது 100 வாட் குண்டு பல்பு, ஹோல்டர், ஒரு சாக்கெட், ஒயர். எல்இடி பல்பு இந்த வேலைக்கு உதவாது. ஏன் என்று 6-ஆம் படியில் வருகிறது.

போனால் போகட்டும் என்று விடக்கூடிய பழைய ஸ்பீக்கர் ஒரு ஜோடி. இது இல்லாமல் தொடங்கவே வேண்டாம்.

மின் தொடர்புகளுக்கான கான்டாக்ட் கிளீனர், ஐசோபுரோபைல் ஆல்கஹால், மெல்லிய பிரஷ். பிறகு அந்த மாடலின் சர்வீஸ் மேனுவல். பழைய மாடல்கள் பலவற்றுக்கு இணையத்தில் கிடைக்கிறது. வாங்கப் போவதற்கு முன்பே இறக்கி வைத்துக்கொண்டால், விற்பவர் சொல்வதைச் சரிபார்க்கவும் உதவும்.

## 2. பணம் கொடுப்பதற்கு முன்

பளபளப்பைப் பார்த்து மயங்காதீர்கள். முன்பக்கத்தை எவரும் துடைத்துவிடலாம். ஆம்பின் வாழ்க்கை பின்பக்கத்தில்தான் தெரியும்.

ஸ்பீக்கர் டெர்மினல்கள் உடைந்திருக்கின்றனவா, பவர் கார்டு வெட்டி ஒட்டப்பட்டிருக்கிறதா, மூடியின் ஸ்குரூ தலைகள் தேய்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஸ்குரூ தலை தேய்ந்திருந்தால் உள்ளே ஏற்கெனவே பல கைகள் போயிருக்கின்றன என்று அர்த்தம். அது மட்டுமே வேண்டாம் என்று சொல்லக் காரணமல்ல. என்ன வேலை நடந்தது என்று கேட்கக் காரணம்.

எல்லாக் குமிழ்களையும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை திருப்பிப் பாருங்கள். கரகரப்பு வந்தால் பயப்பட வேண்டாம், சுத்தம் செய்தால் போய்விடும். குமிழே ஆடினால், அல்லது சுவிட்ச் ஒரு நிலையில் நிற்காமல் திரும்பி வந்தால், அந்த உதிரிபாகம் தேட வேண்டியிருக்கும். அது எளிதில் கிடைக்காது.

காற்று வரும் துளைகள் பக்கம் முகர்ந்து பாருங்கள். தூசி வாசம் பரவாயில்லை. கருகிய வாசமோ மீன் வாடை போன்ற ஒன்றோ வந்தால் உள்ளே ஏதோ எரிந்திருக்கிறது, அல்லது கெப்பாசிட்டர் (மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் பாகம்) கசிந்திருக்கிறது.

"ஆன் ஆகிறது, லைட் எரிகிறது" என்று விற்பவர் சொன்னால், அது பவர் டிரான்ஸ்ஃபார்மர் உயிரோடு இருக்கிறது என்பதற்கு மட்டுமே சான்று. சத்தம் இரண்டு பக்கமும் வருகிறதா என்று தனியாகக் கேளுங்கள்.

## 3. வோல்ட்டும் ஹெர்ட்ஸும்

பின்பக்கத் தகட்டை வாசிக்காமல் எந்தப் பழைய கருவியையும் செருகக் கூடாது. ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்தவை 100 வோல்ட். வட அமெரிக்காவுக்குச் செய்தவை 120. மற்ற பல நாடுகளுக்கு 220 முதல் 240. சில மாடல்களில் வோல்டேஜ் செலக்டர் இருக்கும். முன்பு வைத்திருந்தவர் எந்த நிலையில் விட்டார் என்று பார்க்காமல் நம்ப வேண்டாம். செலக்டரை மாற்றினால் ஃப்யூஸின் மதிப்பும் மாறும். அந்த அளவு தகட்டிலோ மேனுவலிலோ இருக்கும்.

100 வோல்ட் ஆம்பை 110 அல்லது 120 வோல்ட் தரும் ஸ்டெப்டவுனில் (வோல்ட்டைக் குறைத்துத் தரும் டிரான்ஸ்ஃபார்மர்) மாட்டுவது அடிக்கடி நடக்கும் தவறு. "கிட்டத்தட்ட அதுதானே" என்று தோன்றும். 120 என்றால் 20 சதவீதம் கூடுதல். ஆம்ப் உடனே போகாது. எப்போதும் சூடாகவே ஓடி, பழைய கெப்பாசிட்டர்களின் ஆயுளைத் தின்னும். 100 என்று எழுதியிருந்தால் 100 வோல்ட் தரும் ஸ்டெப்டவுனே வேண்டும். தகட்டில் உள்ள வாட் அளவைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு தாங்குவதாக எடுங்கள்.

ஸ்டெப்டவுன் வோல்ட்டைத்தான் மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. ஆம்புக்கு இது பெரிய விஷயமில்லை. சின்க்ரனஸ் மோட்டார் (மின்சாரத்தின் ஹெர்ட்ஸ்தான் இதன் வேகத்தைத் தீர்மானிக்கும்) உள்ள பெல்ட் டர்ன்டேபிளுக்கு, அதாவது இசைத்தட்டைச் சுழற்றும் கருவிக்கு, பெரிய விஷயம். 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த மோட்டார் 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும். 33⅓ சுற்று 27.8 ஆகிவிடும்; பாடகர் தூக்கத்தில் பாடுவது போலக் கேட்கும். 50 ஹெர்ட்ஸ் புல்லி (மோட்டாரில் பெல்ட் ஓடும் சக்கரம்) கிடைத்தால்தான் அது சரியாகும்.

ஜப்பான் உள்நாட்டு ரிசீவர் வாங்குபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அங்கே பழைய எஃப்எம் டயல் 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான். 88 முதல் 108 வரை ஒலிபரப்பு உள்ள இடத்தில் அது 2 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை மட்டுமே பிடிக்கும். ஆம்பாக மட்டும் பயன்படுத்துவதாக இருந்தால் கவலையில்லை.

## 4. கொண்டுவருதல்

எடை முழுவதும் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும் பக்கத்தில்தான். ஆம்பை நிமிர்த்திய நிலையிலேயே வையுங்கள், முகப்பு எதன் மேலும் இடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். டர்ன்டேபிள் என்றால் பிளாட்டரை (சுழலும் தட்டு) கழற்றுங்கள், கவுண்டர்வெயிட்டை (டோன்ஆர்மின் பின்முனை எடை) கழற்றுங்கள், டோன்ஆர்மை (ஊசியைத் தாங்கும் கை) கட்டிவிடுங்கள், ஊசிக்கு மூடி போடுங்கள். பிளாட்டரை அப்படியே விட்டுக் கொண்டுவந்தால் குலுக்கலில் பேரிங் அடிபடும்.

## 5. மூடியைத் திறந்து பார்த்தல்

பிளக் சாக்கெட்டில் இல்லை என்பதை உறுதிசெய்த பிறகே மூடியைத் திறக்கவும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தேங்கியிருக்கும். அதன் இரு முனைகளில் மல்டிமீட்டரை வைத்து டிசி அளவைப் பாருங்கள். சில வோல்ட்டுக்கு மேல் இருந்தால் 1 கிலோஓம், 5 வாட் ரெசிஸ்டரை முனைகளில் ஒரு நிமிடம் வைத்து இறக்குங்கள். ரெசிஸ்டரை விரலால் பிடிக்காமல் இன்சுலேட் செய்த கிளிப்பால் பிடியுங்கள். ஸ்குரூடிரைவரால் ஷார்ட் செய்யும் பழக்கம் வேண்டாம். பொறி பறக்கும், கெப்பாசிட்டரும் கெடும்.

எதையும் தொடுவதற்கு முன் படம் எடுங்கள்: மேலிருந்து ஒன்று, ஒவ்வொரு போர்டுக்கும் கிட்டத்தில் ஒன்று, ஒயர்கள் போகும் வழி தெரியும்படி சில. பின்னால் ஒரு ஒயர் கையோடு வந்துவிட்டால் அது எங்கிருந்து வந்தது என்று காட்ட வேறு சாட்சி இல்லை. மற்றவர்களிடம் உதவி கேட்கும்போதும் இந்தப் படங்கள்தான் பேசும்.

பிறகு மெல்லிய பிரஷால் தூசியைத் தட்டி, வேக்குவம் கிளீனரை சற்றுத் தள்ளிப் பிடித்து உறிஞ்சுங்கள். தூசி போனால்தான் பிரச்சினைகள் கண்ணுக்குத் தெரியும்.

பார்க்க வேண்டியவை: மேல்புறம் உப்பிய கெப்பாசிட்டர், அதன் அடியில் ஈரம் அல்லது பச்சைப் படிவு, கருத்த ரெசிஸ்டர், போர்டில் பழுப்பாகிய வட்டம். போர்டு பழுப்பாக இருந்தால் அந்த இடத்தில் ஒரு பாகம் பல வருடம் சூடாகவே ஓடியிருக்கிறது. அதன் அடியில் உள்ள சாலிடர் இணைப்பை லென்ஸ் வைத்துப் பாருங்கள். பின்னைச் சுற்றி முடி மாதிரி மெல்லிய கருப்பு வளையம் தெரிந்தால் அந்த இணைப்பு விட்டுப்போயிருக்கிறது. "சூடானதும் ஒரு பக்கம் சத்தம் போகிறது" என்ற புகாரை ஆராய்ந்தால் பலமுறை இங்கேதான் வந்து நிற்கும்.

பெரிய கெப்பாசிட்டரைச் சுற்றி மஞ்சள் அல்லது பழுப்புப் பசை இருக்கும். புதிதில் வெளிர் நிறமாக, ரப்பர் போல இருந்த பசை அது. வருடங்கள் போகப் போகக் கருத்து, மொறுமொறுப்பாகி, பக்கத்து ரெசிஸ்டர் கால்களை அரிக்கும். சில வேளை மின்சாரத்தையே கடத்தும். இதைக் கெப்பாசிட்டர் கசிவு என்று தவறாக நினைத்து நல்ல கெப்பாசிட்டரைத் தூக்கி எறிபவர்கள் உண்டு. மரக்குச்சியால் சுரண்டிப் பாருங்கள். செதிலாகப் பெயர்ந்து வந்தால் பசை. அதை எடுத்துவிட்டு அடியில் இருக்கும் கால்கள் அரித்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

ஃப்யூஸைக் கழற்றி, அதன் உலோக முனையில் பொறித்த அளவை மேனுவலோடு ஒப்பிடுங்கள். 2 ஆம்பியர் இருக்க வேண்டிய இடத்தில் 10 ஆம்பியர் இருந்தால், யாரோ அடிக்கடி எரிந்த ஃப்யூஸை வாய் அடைத்திருக்கிறார்கள். அந்த ஆம்பில் அவுட்புட் டிரான்சிஸ்டர் போயிருக்க வாய்ப்பு அதிகம். பழைய கருவிகளில் 6.3×32 மில்லிமீட்டர், 5×20 மில்லிமீட்டர் என்ற இரண்டு அளவு கண்ணாடி ஃப்யூஸும் வரும். வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு எடுத்துப் போங்கள்.

## 6. பல்பு வழியாக முதல் மின்சாரம்

ஃபேஸ் ஒயரில் குண்டு பல்பைத் தொடராக வைத்து, அதன் வழியாக ஒரு சாக்கெட்டுக்குக் கொடுங்கள். நியூட்ரலும் எர்த்தும் நேராகப் போகட்டும். இது மெயின்ஸ் வேலை. ஒயரிங் பழக்கமில்லாதவர்கள் எலக்ட்ரீஷியனிடம் சொல்லிச் செய்துகொள்ளவும்.

குண்டு பல்பின் இழை குளிர்ந்திருக்கும்போது தடை குறைவு, எரியும்போது அதிகம். ஆம்ப் சரியாக இருந்தால் குறைந்த மின்சாரம் போகும், பல்பு மங்கலாக இருக்கும், ஆம்புக்குக் கிட்டத்தட்ட முழு வோல்ட்டும் கிடைக்கும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழுசாக எரிந்து, மின்சாரத்தைத் தானே தாங்கிக்கொள்ளும். எல்இடி பல்புக்கு இந்தக் குணம் இல்லை.

ஸ்பீக்கர் எதுவும் மாட்டாமல், வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து ஆன் செய்யுங்கள். கண் பல்பின் மேலேயே இருக்கட்டும். பளிச்சென்று ஒரு கணம் எரிந்து, ஒரு விநாடிக்குள் செந்நிறமாகத் தணிந்து அப்படியே நின்றால் நல்ல சேதி. அந்த முதல் பளிச், கெப்பாசிட்டர்கள் நிரம்புவது. தணியாமல் முழு வெளிச்சத்தில் நின்றால் உடனே அணைத்துவிடுங்கள். "இன்னும் கொஞ்சம் பார்க்கலாம்" என்று காத்திருப்பதால் ஒரு பயனும் இல்லை. அந்த ஆம்ப் மெக்கானிக்கிடம் போக வேண்டும்.

ஸ்டெப்டவுன் தேவைப்படும் ஆம்ப் என்றால் மெயின்ஸ், பல்பு, ஸ்டெப்டவுன், ஆம்ப் என்ற வரிசை. ஸ்டெப்டவுனே கொஞ்சம் மின்சாரம் இழுக்கும். முதலில் அதை மட்டும் மாட்டி, பல்பு எவ்வளவு எரிகிறது என்று பார்த்து வைத்துக்கொண்டால் பிறகு குழப்பம் வராது.

பல்பு வழியாக ஓடும்போது வோல்ட் குறைவதால், பாதுகாப்பு ரிலே (கோளாறு இல்லை என்றால் மட்டும் ஸ்பீக்கருக்கு இணைப்புக் கொடுக்கும் தானியங்கி சுவிட்ச்) 'டிக்' என்று விழாமல் போகலாம். அதைப் பழுது என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம். 15 நிமிடம் பல்பில் ஓடட்டும். புகையோ வாசமோ இல்லையென்றால் அணைத்துவிட்டு, பல்பு இல்லாமல் நேராக மாட்டி ஆன் செய்யுங்கள். ரிலே உள்ள மாடல்களில் சில விநாடிகளில் அந்த 'டிக்' கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் உள்ளே ஏதோ கோளாறைக் கண்டு ரிலே காவல் காக்கிறது. அதைத் தாண்டி ஒயர் போட்டுக் கொடுக்கும் 'ரிப்பேர்' ஸ்பீக்கரைக் கொல்லும்.

## 7. ஸ்பீக்கர் முனையில் டிசி

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் செய்வீர்கள் என்றால், இதைச் செய்யுங்கள்.

ஆம்ப் ஆனில், வால்யூம் பூஜ்யத்தில், ஸ்பீக்கர் இல்லாமல், மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து ஒரு சேனலின் பிளஸ், மைனஸ் முனைகளில் பிடியுங்கள். பிடிக்கும்போது இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுவிடாதீர்கள். முதலில் 200 வோல்ட் ரேஞ்ச். பெரிய எண் எதுவும் வரவில்லை என்றால் 200 மில்லிவோல்ட்டுக்கு இறங்குங்கள். அடுத்து மற்ற சேனல்.

50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதியாக மேலே போகலாம். 50 முதல் 100 என்றால் ஓட்டலாம், ஆனால் கவனித்து வர வேண்டும். 100-ஐத் தாண்டினால் நல்ல ஸ்பீக்கர் மாட்டாதீர்கள். வோல்ட் கணக்கில் வந்தால் அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகியிருக்கலாம்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? உள்ளே இருக்கும் 40 வோல்ட் நேராக ஸ்பீக்கருக்கு வந்தால், அதற்குள் இருக்கும் 6 ஓம்ஸ் காயிலில் (கம்பிச் சுருள்) 6.7 ஆம்பியர் பாயும். 260 வாட்டுக்கு மேல் வெப்பம். இசையில் வரும் வாட் ஏறி இறங்கும். இது இறங்கவே இறங்காது. ஃப்யூஸ் முந்துமா, காயில் முந்துமா என்ற போட்டியில் பல நேரம் காயில்தான் கருகும்.

ஒரு விதிவிலக்கு. மிகப் பழைய மாடல்களில் ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு பெரிய கெப்பாசிட்டர் ஸ்பீக்கருக்குத் தொடராக இருக்கும். அவற்றில் ஆன் செய்ததும் அதிக வோல்ட் காட்டி மெல்ல இறங்கும். முனைகளில் 8 ஓம்ஸ், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றை மாட்டி, ஒரு நிமிடம் விட்டு அளந்தால் உண்மையான எண் வரும்.

போர்டில் இருக்கும் சின்ன டிரிம்பாட்களை (ஸ்குரூடிரைவரால் திருப்பும் சரிசெய்யும் திருகுகள்) பார்த்ததும் திருப்பத் தோன்றும். மேனுவலும், அது சொல்லும் அளவிடும் புள்ளியும் தெரியாமல் தொடாதீர்கள். அவற்றில் ஒன்று பயாஸ், அதாவது பாட்டு இல்லாதபோதும் டிரான்சிஸ்டர்களில் ஓடும் மின்சாரத்தின் அளவு. கால் சுற்று அதிகமாகப் போனால் டிரான்சிஸ்டர்கள் கொதித்துப் போகும்.

## 8. தியாக ஸ்பீக்கரில் முதல் சத்தம்

அணைத்துவிட்டு, பழைய ஸ்பீக்கர்களை மாட்டுங்கள். ஒயரின் ஒரு இழைகூடப் பக்கத்து முனையைத் தொடக் கூடாது. இழைகளை முறுக்கிச் செருகுங்கள்.

சத்தமே வரவில்லை என்றால் பழுது என்று முடிவு செய்யும் முன் இவற்றைப் பாருங்கள். டேப் மானிட்டர் பட்டன் உள்ளே அமுங்கியிருந்தால் ஆம்ப் இல்லாத டேப் டெக்கைக் கேட்டுக்கொண்டிருக்கும். ஸ்பீக்கர் செலக்டர் 'பி'-யில் அல்லது ஆஃபில் இருக்கலாம். பின்பக்கம் ப்ரீ-அவுட், மெயின்-இன் என்று துளைகள் இருந்தால் அவற்றை இணைக்கும் 'ப' வடிவ உலோகக் கம்பிகள் வேண்டும். அவை தொலைந்துபோனதால் 'டெட்' என்று விற்கப்பட்ட ஆம்புகள் உண்டு. ஒரு சாதாரண ஆர்சிஏ கேபிள் போட்டாலே உயிர் வந்துவிடும்.

ஒரு பக்கம் மட்டும் வந்தால், உள்ளே வரும் கேபிளை இடம் வலம் மாற்றுங்கள். பழுது மறுபக்கம் தாவினால் குற்றம் கேபிளிலோ பாட்டு வரும் கருவியிலோ. தாவாமல் நின்றால் ஆம்பில் அல்லது ஸ்பீக்கர் பக்கத்தில்.

குறைந்த வால்யூமில் ஒரு பக்கம் மங்கலாக, உடைந்து கேட்டு, வால்யூமைக் கூட்டியதும் திடீரென்று சரியானால் ரிலேயின் தொடர்பு முனைகள் கறுத்திருக்கின்றன. உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், மேல்பூச்சு போய்விடும். அதே அளவில் புது ரிலே போடுவதுதான் நிலையான தீர்வு.

## 9. கரகரப்பை நீக்குதல்

இதைச் சத்தம் கேட்ட பிறகு செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எந்தக் குமிழ் கரகரக்கிறது என்று முதலில் தெரிந்தால் தேவையான இடத்தில் மட்டும் அடிக்கலாம்.

பிளக்கைப் பிடுங்கி, 5-ஆம் படியில் போலக் கெப்பாசிட்டர்களில் தேங்கிய மின்சாரத்தை இறக்கி, குமிழுக்குப் பின்னால் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டரின் (குமிழ் திருப்பும் பாகம்) கால்கள் பக்கம் இருக்கும் சின்ன இடைவெளியில் கான்டாக்ட் கிளீனரை ஒரு சிறு பீச்சு. முனைக்கு முனை 20, 30 முறை திருப்புங்கள். சுவிட்சுகளுக்கும் அப்படியே. ஆன் செய்யும் முன் ஒரு மணி நேரமாவது உலர விடுங்கள், ஸ்ப்ரேயில் உள்ள வாயு தீப்பற்றக்கூடியது. துருவுக்கு அடிக்கும் டபிள்யூடி-40 போன்ற எண்ணெய் ஸ்ப்ரே வேண்டாம். அன்றைக்குச் சரியானது போலத் தெரியும். எண்ணெய்ப் படலத்தில் தூசி ஒட்டி மறுபடி கரகரக்கும்.

## 10. ஸ்பீக்கர்களைச் சோதித்தல்

ஸ்பீக்கரும் பழையதாக வாங்கியிருந்தால் முன்வலையைக் கழற்றி, கூம்பைச் சுற்றியுள்ள விளிம்பை விரலால் மெல்லத் தொடுங்கள். ஃபோம் விளிம்பு 15, 20 வருடத்தில் பொடிந்துவிடும், ரப்பர் நீண்ட நாள் தாங்கும். கூம்பை இரு பக்கமும் சமமாக விரல் வைத்து உள்ளே தள்ளினால் சத்தமின்றிப் போய் வர வேண்டும். உரசும் சத்தம் கேட்டால் காயில் கோணியிருக்கிறது.

ஓம்ஸ் ரேஞ்சில் 8 ஓம்ஸ் ஸ்பீக்கர் 5.5 முதல் 7 வரையும், 4 ஓம்ஸ் ஸ்பீக்கர் 3 முதல் 3.5 வரையும் காட்டுவது இயல்பு. 8 காட்டவில்லையே என்று திருப்பிக் கொடுக்க வேண்டாம்.

ஏ, பி என்று இரண்டு ஜோடி மாட்டுவதற்கு முன் ஆம்பின் பின்பக்கம் எழுதியிருப்பதைப் படியுங்கள். பெரும்பாலான மாடல்களில் இரண்டு 8 ஓம்ஸ் சேர்ந்தால் 4 ஆகும். இரண்டு 4 சேர்ந்தால் 2. 2 ஓம்ஸை அனேகப் பழைய ஆம்புகள் தாங்காது.

## 11. டர்ன்டேபிளும் புதிய கருவிகளும்

டர்ன்டேபிள் ஒயரை ஃபோனோ துளையில் மட்டும் செருகுங்கள். எம்எம் (மூவிங் மேக்னட்) கார்ட்ரிட்ஜ், அதாவது ஊசி பொருத்திய பாகம், தருவது சில மில்லிவோல்ட்தான். அதைப் பெருக்கி, ஆர்ஐஏஏ வளைவை (இசைத்தட்டில் பதியும்போது பேஸைக் குறைத்து, உயர் ஒலியைக் கூட்டும் முறை) சரிசெய்யும் சுற்று ஃபோனோவில்தான் இருக்கிறது. ஆக்ஸில் (மற்ற கருவிகளுக்கான சாதாரண துளை) போட்டால் மெலிந்து, பேஸ் இல்லாமல் கேட்கும். புதிய டர்ன்டேபிள்கள் பலவற்றில் அந்தச் சுற்று உள்ளேயே இருக்கும், பின்னால் ஃபோனோ/லைன் சுவிட்ச் ஒன்று இருக்கும். லைனில் வைத்துவிட்டு ஆம்பின் ஃபோனோவில் செருகினால் இரண்டு முறை பெருகி, உடைந்து கேட்கும்.

கிரவுண்ட் ஒயரை ஆம்பின் ஜிஎன்டி திருகில் மாட்டாவிட்டால் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் நிச்சயம்.

ஊசி அழுத்தத்தை கார்ட்ரிட்ஜ் தயாரிப்பாளர் சொன்ன அளவில் வையுங்கள், எம்எம்களில் 1.5 முதல் 2 கிராம் வரை சகஜம். இசைத்தட்டைக் காப்பாற்றுகிறேன் என்று குறைப்பது தவறு. அழுத்தம் போதாத ஊசி பள்ளத்துக்குள் நிற்காமல் துள்ளி, சுவர்களைச் சிதைக்கும். ஆன்டி-ஸ்கேட்டிங்கை (டோன்ஆர்ம் உள்பக்கம் இழுபடுவதைச் சமன்செய்யும் அமைப்பு) முதலில் அதே எண்ணில் வைத்துத் தொடங்குங்கள்.

புதிய டிஏசி (டிஜிட்டல் பாட்டை அனலாக் ஆக்கும் கருவி), ஸ்ட்ரீமர் (இணையப் பாட்டை வாசிக்கும் கருவி) போன்றவை 2 வோல்ட் வரை தரும். பழைய ஆம்பின் ஆக்ஸ் துளைக்கு முழுச் சக்தி காட்ட 150 மில்லிவோல்ட் போதும். அதனால் குமிழைக் கொஞ்சம் திருப்பியதும் வீடு அதிரும். ஆம்புக்கு அசுர பலம் என்று நினைத்துவிட வேண்டாம். டிஏசியிலேயே சத்த அளவைக் குறைத்துவிட்டால் குமிழைத் திருப்ப இடம் கிடைக்கும்.

## 12. நல்ல ஸ்பீக்கர் எப்போது

தியாக ஸ்பீக்கரில் இரண்டு மணி நேரம் மிதமான சத்தத்தில் ஓடட்டும். ஆம்புக்கு மேலே 10 சென்டிமீட்டராவது காற்றோட்டம் இருக்கட்டும். ஹீட்சிங்க் (டிரான்சிஸ்டர்களின் வெப்பத்தை வெளியேற்றும் உலோகப் பகுதி) வெதுவெதுப்பாக இருக்கலாம். கையை வைக்க முடியாத அளவு, அல்லது ஒரு பக்கம் மட்டும் சூடாக இருக்கக் கூடாது.

சூடாக இருக்கும்போதே ஸ்பீக்கரைக் கழற்றி 7-ஆம் படியை மறுபடி செய்யுங்கள். குளிர்ந்தபோது 20 மில்லிவோல்ட் காட்டி, சூட்டில் 150-க்கு ஏறும் ஆம்புகள் உண்டு. இரண்டு எண்களையும் தேதியோடு எழுதி, மூடியின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள். சூட்டிலும் 50-க்குள் நின்றால் அணைத்துவிட்டு நல்ல ஸ்பீக்கரை மாட்டலாம்.